சொந்த நிலம் இல்லாதவர்களுக்கான பங்குத் தோட்டம்: கடலூர், புதுச்சேரிப் பகுதியில் தொடங்குவது எப்படி?

வீட்டைச் சுற்றி மண் இல்லாத ஒரு குடும்பம், வேறொருவருக்குச் சொந்தமான நிலத்தில் சிறு துண்டு ஒன்றை ஆண்டுக்கு இவ்வளவு என்று வாடகை பேசி எடுத்துக்கொண்டு, தன் சமையலுக்கு வேண்டிய காய்கறியையும் கீரையையும் அதில் தானே விளைவித்துக்கொள்ளும் முறையையே இக்கட்டுரையில் பங்குத் தோட்டம் என்று குறிப்பிடுகிறோம். ஒரே நிலத்தை நான்கைந்து குடும்பங்கள் பகுத்துக்கொண்டால் வேலியும் கிணறும் கருவி வைக்கும் கொட்டகையும் பொதுவாக இருக்கும். பாத்தியும் அதில் விளைவதும் அவரவருடையவை. எல்லோரும் சேர்ந்து உழைத்து விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டுப் பண்ணையிலிருந்து இது வேறுபட்டது. சந்தையில் விற்பதும் இதன் நோக்கம் அன்று.

இங்கிலாந்தில் அலாட்மென்ட் என்ற பெயரில் இம்முறை நெடுங்காலமாக நடைமுறையில் இருக்கிறது. அங்கே 1908-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, மக்கள் கேட்டால் இத்தகைய துண்டுகளை ஒதுக்கித் தருவதை உள்ளாட்சி அமைப்புகளின் கடமையாக்கியது. இரண்டாம் உலகப் போரின்போது, உணவு இறக்குமதி குறைந்த நிலையில், இந்தத் துண்டுகளில் விளைந்த காய்கறி அந்நாட்டு மக்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது. ஒரு முழுத் துண்டின் வழக்கமான அளவு ஏறக்குறைய 250 சதுர மீட்டர். நம் பகுதியில் 24 அடிக்கு 24 அடி, அதாவது 576 சதுர அடி கொண்டது ஒரு குழி. நூறு குழி சேர்ந்தால் ஒரு காணி. அந்தக் கணக்கில் இங்கிலாந்தின் ஒரு முழுத் துண்டு ஐந்து குழிக்குச் சற்றுக் குறைவாக வரும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அவ்வளவு நிலம் வேண்டவே வேண்டாம். ஒரு குழி போதும். அதைச் சரியாகப் பார்த்துக்கொள்வதே முதல் ஆண்டுக்குப் போதுமான வேலை.

நம் ஊரில் விண்ணப்பித்துத் துண்டு பெறும் சட்ட ஏற்பாடு இல்லாததால் நிலத்தை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும். தோட்டம் போட விரும்புகிறவர்கள் பெரும்பாலும் விதையிலிருந்து தொடங்குகிறார்கள். எந்தக் கத்தரி நல்லது, எந்தக் கடையில் நாட்டு விதை கிடைக்கும் என்பவையே அவர்களுடைய முதல் கேள்விகளாக இருக்கின்றன. வீட்டுக் கொல்லைக்கு அது பொருந்தலாம். நிலம் பிறருடையதாகவும் வீட்டிலிருந்து தள்ளியும் இருக்கும்போது, தோட்டம் நிலைக்குமா நிலைக்காதா என்பதைத் தொலைவு, தண்ணீர், உரிமையாளருடன் செய்துகொள்ளும் உடன்பாடு ஆகிய மூன்றுமே முடிவு செய்கின்றன. விதை அவற்றுக்கு அடுத்தது.

நிலத்தைத் தேர்ந்தெடுத்தல்

கடலூரில் கோண்டூர், வண்டிப்பாளையம், செம்மண்டலம் பக்கங்களிலும், புதுச்சேரியில் வில்லியனூர், தவளக்குப்பம், அரியாங்குப்பம் பக்கங்களிலும் மனைப்பிரிவுகளில் பலர் இடம் வாங்கிவிட்டு ஆண்டுக்கணக்கில் வீடு கட்டாமல் விட்டிருக்கிறார்கள். அத்தகைய 1,200 சதுர அடி மனை ஒன்று இரண்டு குழிக்குச் சற்று மேல் வரும். முள்ளும் குப்பையும் சேராமல் ஒருவர் பார்த்துக்கொள்வது உரிமையாளருக்கும் நன்மையே என்பதால், மிகக் குறைந்த வாடகைக்கு இசைபவர்கள் உண்டு. ஊரை ஒட்டிய விவசாயிகளிடம் வயலின் ஓரத்தில் நாலைந்து குழியைக் கேட்டுப் பெறுவது இன்னொரு வழி. அங்கே தண்ணீரும் உழவு தெரிந்தவரின் அறிவுரையும் சேர்ந்தே கிடைக்கும் என்பதால் இதையே நான் மேலானதாகக் கருதுகிறேன். ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், ஆற்றுப் புறம்போக்கு ஆகியவற்றில் யார் சொன்னாலும் இறங்கக் கூடாது. அவை நீர் செல்லும் வழிகள். அங்கே பயிரிடுவது ஆக்கிரமிப்பாகவே கொள்ளப்படும்.

வீட்டிலிருந்து நடந்தோ மிதிவண்டியிலோ கால் மணி நேரத்துக்குள் சென்றுவிடும் தொலைவுக்கு மேல் நிலம் எடுக்காமல் இருப்பது நல்லது. நாற்று நட்ட முதல் இரண்டு வாரங்களில் நாள்தோறும் தண்ணீர் ஊற்ற வேண்டும். காய்க்கத் தொடங்கிய வெண்டையை இரண்டு நாளைக்கு ஒருமுறை பறிக்காவிட்டால் நார் ஏறிவிடும். முற்றிய காய் செடியில் நின்றால் அடுத்த பூக்களும் குறையும். வாரக் கடைசியில் மட்டும் போய்வரக்கூடிய தொலைவில் காய்கறித் தோட்டம் நடத்த முடியாது. அங்கே முருங்கை, வாழை, பப்பாளி போன்றவற்றைத்தான் வைக்கலாம். அதற்கு நிலம் நீண்ட காலம் நம் வசம் இருக்க வேண்டும்.

நாளொன்றுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் நேரடி வெயில் விழுகிறதா என்று பாருங்கள். தென்னந்தோப்பின் நிழலில் சேனையும் மஞ்சளும் வரும். கத்தரியும் மிளகாயும் வாராது. அடுத்ததாக, ஐப்பசி கார்த்திகையில் அந்த இடத்தில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று அக்கம்பக்கத்தாரிடம் விசாரிக்க வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் வெள்ளம் பெருகியபோது எந்தத் தெரு வரை தண்ணீர் வந்தது என்பதை அங்கே வசிப்பவர்கள் சுவரைக் காட்டியே சொல்லிவிடுவார்கள். பத்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கு அஞ்சி நிலத்தை ஒதுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மழைக்கும் மூன்று நாள் தண்ணீர் தேங்கும் பள்ளத்தைத்தான் தவிர்க்க வேண்டும், ஏனெனில் காற்றில்லாத மண்ணில் காய்கறிச் செடியின் வேர் மிக விரைவில் அழுகிவிடும்.

மண்ணைப் பார்க்க ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டுவது போதுமானது. மனைப்பிரிவுகளில் மேலே அரை அடி நல்ல மண் தெரிந்தாலும், கீழே கிராவலும் உடைந்த செங்கலும் சிமென்ட் கட்டியும் கொட்டி நிரப்பியிருப்பது உண்டு. அந்த மனையை விட்டுவிட்டு வேறு தேடலாம். மற்றபடி நம் பகுதியின் மூன்று மண்ணிலும் தோட்டம் போட முடியும். காலாப்பட்டிலிருந்து தேவனாம்பட்டினம் வரை கடலை ஒட்டிய மணற்பாங்கான மண்ணில் தண்ணீரும் உரமும் நில்லாமல் கீழே இறங்கிவிடும். அங்கே தொழுவுரத்தையும் மட்கையும் சிறிது சிறிதாகப் பலமுறை இட வேண்டும். கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் காய்ந்தால் இறுகும். மட்கு சேரச் சேர இளகிவிடும். பாகூர் பக்கத்து வண்டல் சார்ந்த களிமண் வளமானதுதான், ஆனால் மழைக்காலத்தில் பாத்தியை முக்கால் அடியாவது உயர்த்தினால்தான் அதில் செடி பிழைக்கும். ஐயம் இருந்தால், நிலத்தின் பத்து இடங்களில் அரை அடி ஆழம் வரை சுரண்டி எடுத்த மண்ணை ஒன்றாகக் கலந்து, அதில் அரைக் கிலோவை நிழலில் உலர்த்தி மண் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். புதுச்சேரிப் பகுதியினர் குரும்பாப்பேட்டையிலும், கடலூர் மாவட்டத்தினர் விருத்தாசலத்திலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களை அணுகி வழி கேட்கலாம்.

தண்ணீர்க் கணக்கு

இந்தப் பகுதியில் தோட்டம் தொடங்கிப் பாதியில் விட்டவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் தண்ணீரில்தான் வந்து நிற்கும். ஆகவே ஒரு குழிக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதைத் தொடங்கும் முன்பே கணக்கிட்டுவிட வேண்டும். 24 அடிச் சதுரத்தில் நான்கடி அகலப் பாத்திகள் நான்கையும், அவற்றுக்கு இடையிலும் ஓரங்களிலும் ஒன்றரை அடி நடைபாதையையும் விட்டால், செடி நிற்கும் பரப்பு ஏறக்குறைய 31 சதுர மீட்டர் இருக்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். சித்திரை வைகாசியில் வெயிலாலும் காற்றாலும் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் நாளொன்றுக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் ஆவியாகிறது. எனவே நமக்கு வேண்டியது நாளொன்றுக்கு 155 முதல் 185 லிட்டர். பத்து லிட்டர் பூவாளியில் பதினாறு முதல் பத்தொன்பது நடை. தை மாசியில் இதில் ஏறக்குறைய பாதி போதும். இதைக் கையால் தூக்கி ஊற்ற முடியுமா, குழாய் இழுக்க வேண்டுமா, எத்தனை அடித் தொலைவு என்பதை நேரில் நின்று யோசித்துப் பாருங்கள். பாத்தியின் மேல் கரும்புச் சோகை, வேர்க்கடலைத் தோல், சவுக்குச் சருகு ஆகியவற்றில் எது எளிதாகக் கிடைக்கிறதோ அதை மூன்று விரற்கடை கனத்துக்குப் பரப்பி மூடாக்குப் போட்டால் இந்தத் தேவை கணிசமாகக் குறையும். நெல்லிக்குப்பம், பண்ணுருட்டிப் பக்கங்களில் சோகைக்கும் கடலைத் தோலுக்கும் குறைவில்லை என்பது நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

தண்ணீரின் அளவைப் போலவே அதன் தன்மையும் முக்கியமானது. கடலோரத்தில் பல போர்வெல்களின் நீர் உப்பேறியிருக்கிறது. நாக்கில் கரித்தால் ஐயமே வேண்டாம். கரிக்காவிட்டாலும் சோப்பு நுரைக்காமல் திரிந்தால் ஒரு புட்டியில் எடுத்துச் சென்று பரிசோதிப்பது நல்லது. மழை முடிந்த தை மாதத்தில் எடுத்த நீர் நல்லதாகவும், அதே கிணற்றின் வைகாசி நீர் உப்பாகவும் இருக்கக்கூடும் என்பதால், கோடையில் அந்த நீரைப் பயன்படுத்துகிறவர்களிடமும் கேட்டறிய வேண்டும். சற்றே உப்பான நீரில் கொத்தவரையும் பீட்ரூட்டும் தாங்கும்; காராமணி ஓரளவு தாங்கும். பீன்ஸும் கேரட்டும் தாங்கமாட்டா. அத்தகைய நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு மேல்மண்ணிலேயே தங்கிவிடும். இடைவெளி விட்டு, வேருக்குக் கீழே இறங்கும் அளவுக்கு நன்றாகப் பாய்ச்சினால் அது அடியில் போய்விடும்.

உடன்பாடு

உரிமையாளர் தெரிந்தவராக இருந்தாலும் எழுதிக்கொள்வதே இரு தரப்புக்கும் நல்லது. தமிழ்நாட்டில் 1955 முதல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. உழுபவரை நிலத்திலிருந்து விரட்டாமல் காக்கும் நல்ல நோக்கத்துடன் வந்த அந்தச் சட்டத்தின் காரணமாகவே, ஒரு குழி நிலத்தைத் தோட்டத்துக்குக் கொடுத்தால்கூடத் திரும்பக் கிடைக்காமல் போய்விடுமோ என்று உரிமையாளர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தைப் புரிந்துகொண்டு, “நிலத்தின் மீது எந்த உரிமையும் கோரமாட்டோம், வீட்டுத் தேவைக்குக் காய்கறி பயிரிட மட்டுமே அனுமதி பெறுகிறோம்” என்று நாமாகவே எழுத முன்வந்தால் பேச்சு எளிதாகிவிடும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் பதினோரு மாதத்துக்கு எழுதிப் புதுப்பித்துக்கொள்வது வழக்கம். ஆனாலும் ஆவணத்தைக் கையெழுத்துக்கு முன் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

அதில் நிலத்தின் நான்கு எல்லைகள், வாடகை, எந்தக் கிணற்றிலிருந்து எத்தனை மணி நேரம் தண்ணீர், மின்கட்டணத்தில் நம் பங்கு எவ்வளவு, வேலிச் செலவு யாருடையது என்பவை தெளிவாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான வரி, நிலம் இடையில் தேவைப்பட்டால் நிற்கும் பயிர் முடியும் வரை, அதாவது குறைந்தது மூன்று மாத அவகாசம் தர வேண்டும் என்பது. கத்தரி நாற்றங்காலில் ஒரு மாதமும், நட்டபின் காய்க்க இரண்டு மாதமும் எடுத்துக்கொள்ளும். பூத்து நிற்கும்போது மனை விலைபோய்விட்டால் உழைப்பு முழுவதும் வீணாகும். பல குடும்பங்கள் சேர்ந்து எடுத்தால், தண்ணீர் முறை யாருக்கு எந்தக் கிழமை, களைக்கொல்லி அடிக்கலாமா கூடாதா என்பவற்றையும் தொடக்கத்திலேயே பேசி முடிக்க வேண்டும். காற்றில் பரவும் களைக்கொல்லி பக்கத்துப் பாத்தியையும் சேர்த்தே கருக்கும் என்பதால், அது வேண்டவே வேண்டாம் என்று முடிவு செய்வதையே நான் வலியுறுத்துவேன்.

முதல் பருவம்

“ஆடிப்பட்டம் தேடி விதை” என்ற முதுமொழியைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். இருப்பினும் இந்தக் கடலோரத்தில் புதிதாகத் தொடங்குகிறவருக்குத் தைப்பட்டத்தையே நான் பரிந்துரைப்பேன். நம் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில், வடகிழக்குப் பருவக் காற்றில்தான் பெய்கிறது. ஆடியில் விதைத்த செடி பூத்துக் காய்க்கும் பருவத்தில் அடைமழையையும், சில ஆண்டுகளில் புயலையும் எதிர்கொள்கிறது; 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் பலாவையும் முந்திரியையுமே வேரோடு சாய்த்த ஊர் இது, பந்தலில் நிற்கும் புடலை எம்மாத்திரம். தையிலோ கிணறு நிரம்பியிருக்கும், நீரில் உப்புக் குறைந்திருக்கும், இலை அழுகல் நோய்கள் தணிந்திருக்கும், வெயிலும் மென்மையாக இருக்கும். அனுபவம் வந்தபின் ஆடிப்பட்டத்துக்கு வரலாம். அவரைக்கு மட்டும் ஆடிதான். நாட்டு அவரை, பகல் பொழுது குறையும் பனிக்காலத்தில்தான் நன்றாகப் பூக்கும்.

அப்படியானால் நிலத்தைப் புரட்டாசியிலேயே கைப்பற்றிக்கொள்வது சிறந்தது, ஏனெனில் மழைக்காலம் முழுவதையும் மண்ணைத் தேற்றப் பயன்படுத்தலாம். ஒரு குழிக்குக் கால் கிலோவுக்குச் சற்று மேல் தக்கைப்பூண்டு விதையைப் புரட்டாசிக் கடைசியில் தூவிவிடுங்கள். உப்பையும் தேங்கும் நீரையும் தாங்கி வளரக்கூடிய பயிர் அது; அதன் வேர் முடிச்சுகளில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். 45 நாளில், பூக்கத் தொடங்கும்போது, அறுத்து மண்ணோடு மடக்கிவிட்டால் மார்கழிக்குள் மட்கிவிடும். பின்பு பாத்தி கட்டி, சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ என்ற கணக்கில் நான்கு பாத்திகளுக்கும் சேர்த்து 80 கிலோ நன்கு மட்கிய தொழுவுரத்தையும், கையளவு வேப்பம் பிண்ணாக்கையும் இட வேண்டும். பச்சைச் சாணத்தை நேராகப் போட்டால் வேர் கருகும், கறையானும் வரும்.

வேலியை இதே மழைக்காலத்தில் போட்டுவிடுவது நல்லது. ஆடும் மாடும் அவிழ்ந்து திரியும் ஊரில் வேலியில்லாத தோட்டம் ஓர் இரவுகூடத் தாங்காது. கிளுவைப் போத்துகளை மழையில் ஊன்றினால் துளிர்த்துவிடும். இடையிடையே நொச்சியும் ஆடாதொடையும் வைக்கலாம், அவற்றை ஆடு தொடாது. அவை நெருங்கும் வரை மீன்வலையைக் கழிகளில் கட்டி ஒப்பேற்றலாம். நம் கடற்கரை ஊர்களில் பழைய வலை மலிவாகவே கிடைக்கும். கருவிகளைப் பொறுத்தவரை மண்வெட்டி, களைக்கொத்து, பூவாளி, ஓர் அன்னக்கூடை ஆகியவையே போதும்.

நான்கு பாத்தியில் என்ன வைப்பது என்பது வீட்டுச் சமையலைப் பொறுத்தது. முதல் பருவத்தில் ஒரு பாத்தியை முழுமையாகக் கீரைக்குக் கொடுத்துவிடுவது நல்லது. முளைக்கீரை 25 நாளில் பிடுங்கலாம். விரைவில் ஒரு விளைச்சலைக் காண்பது புதியவருக்கு ஊக்கம் தரும் என்பதோடு, மண்ணில் ஏதேனும் குறை இருந்தால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும். பாத்தி முழுவதையும் ஒரே நாளில் விதைத்துவிடாமல், விதையை மணலில் கலந்து வாரத்துக்கு ஒரு முழ அகலம் தூவி வந்தால் தொடர்ந்து பறிக்க முடியும். இரண்டாம் பாத்தியில் ஒன்றரை அடி வரிசையில் ஓரடிக்கு ஒரு விதையாக வெண்டை. 45 நாளில் காய்க்கும். மூன்றாவதில் இரண்டடிக்கு ஒன்றாகக் கத்தரியும், ஓரத்தில் நாலைந்து மிளகாயும். நால்வர் உள்ள வீட்டுக்குப் பத்துக் கத்தரிச் செடி தாராளம். நான்காவதில் கொத்தவரையும் காராமணியும். பந்தல் காய்களை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். பந்தலுக்குச் சவுக்குக் கழியும் கம்பியும் வாங்கும் செலவு, நிலம் நிலைக்கும் என்று தெரிந்தபின் செய்ய வேண்டியது.

விதையைப் பொறுத்தவரை நாம் கொடுத்துவைத்தவர்கள். பண்ணுருட்டிக்கு அருகிலுள்ள பாலூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாலூர் 1, பாலூர் 2 என்ற கத்தரி இரகங்கள் அங்கே உருவானவை. இந்த மண்ணிலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட இரகத்தை விட்டுவிட்டுத் தொலைவிலிருந்து வரும் வண்ணப் பொட்டலங்களை நாட வேண்டியதில்லை. வீரிய ஒட்டு விதையிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியைப் போல வாராது. இரக விதையும் நாட்டு விதையும் என்றால், நல்ல செடி ஒன்றில் இரண்டு காய்களை முற்றவிட்டு அடுத்த பருவத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பூச்சி வரத்தான் செய்யும். கத்தரியின் நுனித்தண்டு வாடித் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. அந்த நுனியை அன்றே கிள்ளி அழிப்பதுதான் சிறு தோட்டத்தில் சிறந்த மருந்து. வெண்டையின் இலை நரம்புகள் மஞ்சளாகத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். குணமாகாது என்பதால் அந்தச் செடியைப் பிடுங்கிவிட வேண்டும். மற்றவற்றுக்கு வேப்பங்கொட்டைச் சாறு போதுமானது. ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் உலர்ந்த வேப்பம் பருப்பை இடித்து, துணியில் கட்டி இரவு முழுவதும் ஊறவைத்துப் பிழிந்து, சிறிதளவு காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் வேரில் முடிச்சு முடிச்சாகத் தெரிவது நூற்புழுவால் வருவது. தக்கைப்பூண்டின் முடிச்சைப் போல விரலால் உதிர்க்க வராது. அந்தப் பாத்தியில் அடுத்த பருவம் துலுக்கச் சாமந்தியை நெருக்கமாக நடலாம்.

கத்தரியும் தக்காளியும் மிளகாயும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை; அவற்றுக்கு வரும் நோய்களும் பெரும்பாலும் பொதுவானவை. எனவே ஒருமுறை அவை நின்ற பாத்தியில் அடுத்த பருவம் கொத்தவரையோ காராமணியோ வர வேண்டும். எந்தப் பாத்தியில் எந்த மாதம் என்ன நின்றது என்பதை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். பருவத்துக்கு ஒரு வரி போதும். வைகாசிக் கடைசியில் செடிகள் ஓய்ந்தபின், வெண்டை, கத்தரித் தண்டுகளில் நோயில்லாதவற்றை நறுக்கி மட்குக் குழியில் போட்டுவிட்டு, உரிமையாளரிடம் சென்று அடுத்த பதினோரு மாதத்துக்கான பேச்சை ஆனியிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். அது முடிந்தால்தான் ஆடியில் அவரையை ஊன்றுவதா, நிலத்தைச் சுத்தம் செய்து ஒப்படைப்பதா என்று தீர்மானிக்க முடியும்.